தவழும் பருவம்

தவழும் பருவம் என்பது குழந்தை தன் முயற்சியால் முதன்முறையாக ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகரத் தொடங்கும் வளர்ச்சிக் காலம் ஆகும். இது பொதுவாக ஆறாம் மாத அளவில் தொடங்கி, குழந்தை துணையின்றி நடக்கும் வரை நீடிக்கிறது. அதுவரை படுக்க வைத்த இடத்திலேயே கிடந்த குழந்தை, இப்பருவத்தில் வீட்டின் எந்த மூலைக்கும் சென்று கைக்கு எட்டியதை எல்லாம் எடுத்து வாயில் வைக்கிறது. இதனால் முதற்குழந்தையைப் பெற்றோருக்குப் பிறப்பை ஒட்டிய கவலைகள் தணிந்த வேளையில் புதிய கவலைகள் தோன்றுகின்றன. விழுதல், சூடு படுதல், நீரில் மூழ்குதல், மூச்சடைப்பு, நச்சுப் பொருளை உட்கொள்ளல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இக்கவலைகளுக்கு அடிப்படை உண்டு. ஆயினும் குழந்தையின் நகர்வைத் தடுப்பதை விட, அது நகரும் இடத்தைத் திருத்தி அமைப்பதே தீர்வாகக் கொள்ளப்படுகிறது.

## சொல் வழக்கு

நகர்வின் ஒவ்வொரு படிநிலைக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. மல்லாந்து கிடக்கும் குழந்தை புரண்டு படுப்பது குப்புற விழுதல் அல்லது கவிழ்தல் எனப்படும். வயிறு தரையில் படக் கைகளால் உந்திச் செல்வதை நீந்துதல் என்பது பேச்சு வழக்கு. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிச் செல்வது தவழ்தல். சுவரையோ கட்டிலையோ பற்றி எழுவது பிடித்து நிற்றல். தள்ளாடி நடக்கும் முதல் நடை தளர்நடை எனப்படும்.

## வளர்ச்சிப் படிநிலைகள்

உலக சுகாதார அமைப்பு கானா, இந்தியா, நார்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006 ஆம் ஆண்டில் ஆறு இயக்கத் திறன்களுக்கான கால எல்லைகளை வெளியிட்டது. நலமான குழந்தைகளுள் மிகப் பெரும்பாலானோர் அத்திறன்களை அடைந்த காலம் வருமாறு:

- துணையின்றி உட்காருதல்: 3.8 முதல் 9.2 மாதம் வரை
- பிடித்து நிற்றல்: 4.8 முதல் 11.4 மாதம் வரை
- கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்தல்: 5.2 முதல் 13.5 மாதம் வரை
- பிடித்து நடத்தல்: 5.9 முதல் 13.7 மாதம் வரை
- துணையின்றி நிற்றல்: 6.9 முதல் 16.9 மாதம் வரை
- துணையின்றி நடத்தல்: 8.2 முதல் 17.6 மாதம் வரை

இந்த எல்லைகள் மிக அகன்றவை. ஒரே தெருவில் ஒரே வாரத்தில் பிறந்த இரு குழந்தைகளுள் ஒன்று எட்டாம் மாதத்திலும் மற்றொன்று பன்னிரண்டாம் மாதத்திலும் தவழ்ந்தால், இரண்டும் இயல்பே. மேலும் இவ்வாய்வில் 4.3 விழுக்காட்டுக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. சில குழந்தைகள் பிட்டத்தால் நகர்ந்து சென்று பின்னர் எழுந்து நடக்கின்றன. வேறு சில நீந்துதலிலிருந்து நேரே நிற்கத் தொடங்குகின்றன. இவ்வேறுபாடுகளைக் கருதி ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022 ஆம் ஆண்டில் திருத்திய தன் வளர்ச்சிப் பட்டியலிலிருந்து தவழ்தலை நீக்கியது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் வயதைப் பிறந்த நாளிலிருந்து அல்லாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிடுவதே முறை. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த ஒன்பது மாதக் குழந்தையை ஏழு மாதக் குழந்தையோடு ஒப்பிட வேண்டும்.

## குழந்தையின் அச்சமும் அறிவும்

"விளிம்பைக் கண்டால் குழந்தை தானே நின்றுவிடாதா?" என்பது பெற்றோர் மனத்தில் எழும் இயல்பான வினா. எலினார் கிப்சன், ரிச்சர்டு வாக் என்னும் இரு உளவியலாளர்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்து 1960 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவைத் தொட்டது. கண்ணாடிப் பரப்பின் ஒரு பாதியில் தரை அருகிலும் மறு பாதியில் ஆழத்திலும் தெரியுமாறு ஒரு மேடை அமைக்கப்பட்டது. தவழக்கூடிய 36 குழந்தைகள் அதில் விடப்பட்டன. நடுப்பலகையை விட்டு நகர்ந்த 27 குழந்தைகளும் ஆழமற்ற பக்கத்துக்குச் சென்றன. தாய் அழைத்தும் ஆழமாகத் தோன்றிய பக்கத்துக்குச் சென்றவை மூன்று மட்டுமே.

இதைக் கொண்டு உயரத்தைப் பற்றிய அச்சம் பிறவியிலேயே உள்ளது என்று முடிவு செய்வது பொருந்தாது. ஜோசப் காம்போசும் அவருடைய குழுவினரும் பின்னர்ச் செய்த ஆய்வுகளில், அந்த எச்சரிக்கை உணர்வு வயதினால் வருவதை விடத் தவழ்ந்து பழகிய அனுபவத்தினால் வருவது எனத் தெரிந்தது. தவழத் தொடங்கிய முதல் வாரங்களில் குழந்தைக்கு விளிம்பு அச்சம் தருவதில்லை. கட்டிலிலிருந்தும் திண்ணையிலிருந்தும் குழந்தைகள் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேரன் அடால்ப் சரிவுப் பலகைகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் மற்றோர் உண்மையைக் காட்டின. தவழும்போது செங்குத்தான சரிவைக் கண்டு தயங்கக் கற்ற குழந்தை, நடக்கத் தொடங்கியதும் அதே சரிவில் தயக்கமின்றிக் காலெடுத்து வைத்து விழுகிறது. ஒவ்வொரு புதிய நிலையிலும் எச்சரிக்கையைக் குழந்தை மீண்டும் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது. ஆகவே "இவன் படியருகே போகமாட்டான்" என்னும் நம்பிக்கை, குழந்தை எழுந்து நடக்கும் நாளில் பயனற்றுப் போகிறது.

விழுவதும் கற்றலின் பகுதியே. அடால்ப் குழுவினர் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைத்து, 17 முறை விழுந்தன. சமதரையில் தன் உயரத்திலிருந்து விழும் குழந்தை பெரும்பாலும் உடனே எழுந்து கொள்கிறது. எல்லா வீழ்ச்சியையும் தடுப்பது இயலாது, தேவையும் இல்லை. உயரத்திலிருந்தும், கூரிய விளிம்பின் மீதும், நீர், நெருப்பு ஆகியவற்றிலும் விழுவதையே தடுத்தல் வேண்டும்.

நகரத் தொடங்கும் இதே காலத்தில், ஏறத்தாழ எட்டாம் மாதத்தில், பிரிவச்சம் தோன்றுகிறது. தாய் கண்ணிலிருந்து மறைந்தால் குழந்தை அழுகிறது. அறிமுகமற்றவர் தூக்கினால் மிரளுகிறது. தாயை விட்டு விலகிச் செல்லும் ஆற்றலும் தாயை விடாது பற்றும் ஆசையும் ஒன்றாகவே வளர்வதைப் பெற்றோர் குழப்பமாக உணர்வதுண்டு. சற்றுத் தொலைவு சென்று திரும்பிப் பார்ப்பதும், மீண்டும் மடிக்கு ஓடி வருவதும் இப்பருவத்தின் இயல்புகள். இவை பிடிவாதமோ செல்லத்தின் கேடோ அல்ல.

## தமிழ் இலக்கியத்தில்

குழந்தை நகரும் பருவத்தைத் தமிழ் இலக்கியம் நுணுக்கமாகக் கவனித்துள்ளது. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றின் 188 ஆம் பாடல், சிறு நடையால் வந்து உணவுக் கலத்தில் கையிட்டு, நெய்ச் சோற்றை உடலெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தையைக் காட்டி, அத்தகைய மக்களைப் பெறாதார் வாழ்வில் பயனில்லை என்கிறது. பட்டினப்பாலையில் சிறுவர் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் குறிக்கப்படுகிறது. பெரியாழ்வார் திருமொழியில் செங்கீரை, சப்பாணி, தளர்நடை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிகங்கள் உள்ளன.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. மரபாகக் கூறப்படும் கணக்கின்படி செங்கீரை ஐந்தாம் மாதத்துக்கும், சப்பாணி ஒன்பதாம் மாதத்துக்கும், வருகை பதின்மூன்றாம் மாதத்துக்கும் உரியவை. செங்கீரையில் குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுகிறது. தவழ்வதற்கு முந்தைய நிலை இது. வருகைப் பருவத்தில் குழந்தையைத் தளர்நடையிட்டு வருமாறு தாய் அழைக்கிறாள். உலக சுகாதார அமைப்பின் ஆய்வில் குழந்தைகள் துணையின்றி நடந்த சராசரி வயது 12.1 மாதம், அதாவது பதின்மூன்றாம் மாதத்தின் தொடக்கம் என்பது குறிப்பிடத்தக்கது.

## வழக்காறுகள்

காலில் அணிவிக்கும் மணி வைத்த கொலுசு அணியாக மட்டுமன்றி, கண்ணுக்கு மறைவாகச் செல்லும் குழந்தை இருக்கும் இடத்தைத் தாய்க்கு அறிவிக்கவும் உதவுகிறது. ஆயினும் கொலுசின் மணி கழன்றால் அதுவே வாய்க்குள் செல்லும் பொருளாகிவிடும். குழந்தை குப்புற விழும்போதும், தவழும்போதும், வாசற்படி தாண்டும்போதும் பண்டம் செய்து அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. யாழ்ப்பாணத்தில் முதற்பல் முளைத்ததும் பல்லுக் கொழுக்கட்டை செய்து, குழந்தையின் முன்னே ஏடு, எழுதுகோல், நகை முதலியவற்றைப் பரப்பி, அது எதை எடுக்கிறது எனப் பார்ப்பர்.

மரத்தாலான நடைவண்டி தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்டது. குழந்தை தானே நின்று, கைப்பிடியைப் பற்றி, மூன்று சக்கர வண்டியைத் தள்ளிச் செல்லும். இருக்கையில் குழந்தையை உட்கார வைக்கும் சக்கர வட்ட நடைவண்டி வேறு வகையானது. அது நடையை விரைவுபடுத்துவதில்லை. மாறாக, குழந்தைக்கு அதன் திறனுக்கு மீறிய வேகத்தையும் உயரத்தையும் தந்து, படிக்கட்டு வீழ்ச்சிக்கும் தீக்காயத்துக்கும் வழி வகுக்கிறது. இக்காரணத்தால் கனடா 2004 ஆம் ஆண்டில் அதன் விற்பனையைத் தடை செய்தது. மரநடைவண்டியையும் படியும் பள்ளமும் இல்லாத இடத்தில், பெரியவர் அருகிலிருக்கவே பயன்படுத்த வேண்டும்.

## வீட்டிலுள்ள ஆபத்துகள்

தரையில் அமர்ந்து சமைப்பதும் உண்பதும் உறங்குவதும் வழக்கமாக உள்ள வீடுகளில், பெரியவர் புழங்கும் பொருள்கள் பலவும் தவழும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்திலேயே இருக்கின்றன.

### நெருப்பும் சூடும்

வடித்த கஞ்சி, இறக்கி வைத்த குழம்பு, குளிக்கக் காய்ச்சிய வெந்நீர், தேநீர்க் குவளை ஆகியவை சுடு காயத்துக்கு முதன்மைக் காரணங்கள். குழந்தையின் தோல் மெல்லியது. பெரியவருக்குப் பொறுக்கக்கூடிய சூடு குழந்தைக்கு ஆழ்ந்த புண்ணாகும். விறகடுப்பு தணிந்த பின்னும் சாம்பலுக்கு அடியில் கங்கு இருக்கும். மின்சோற்றுக் கலம், மின்கெண்டி ஆகியவற்றின் வடம் தொங்கினால் குழந்தை அதைப் பிடித்து இழுக்கும்.

### நீர்

முழு வாளி நீர் மட்டுமே ஆபத்து என்பது தவறான கருத்து. தவழும் குழந்தைக்கு உடலின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டால் தலை கனமானது. வாளிக்குள் தலைகீழாக விழுந்தால் அதனால் தன்னை மீட்டுக்கொள்ள இயலாது. மூக்கும் வாயும் மறையும் அளவு நீர், சில அங்குல ஆழமே ஆயினும், போதுமானது. மூழ்கும் குழந்தை கூச்சலிடுவதில்லை. ஓசையின்றிச் சில நிமிடங்களில் உயிர் பிரிகிறது. குளியலறை வாளி, மாட்டுத் தொட்டி, தரைமட்டத் தொட்டி, மழை நீர் தேங்கிய குழி ஆகியவை கவனத்துக்குரியவை.

### வாய்க்குள் செல்பவை

வேர்க்கடலை, பொட்டுக்கடலை, புளியங்கொட்டை, பொத்தான், நாணயம் முதலியன மூச்சுக்குழலை அடைக்கக்கூடியவை. கடைவாய்ப் பற்கள் முளைக்காத குழந்தை கடலையை அரைக்க இயலாமல் விழுங்க முயல்கிறது. பொத்தான் வடிவ மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுக்களை அரிக்கத் தொடங்கும். ஆகவே அது அவசர மருத்துவ நிலை ஆகும்.

பிள்ளை பெற்ற தாய்க்கு வழங்கப்படும் சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை, மிட்டாய் போலத் தோன்றுவதால் கூடுதல் கவனம் தேவைப்படுவது. தாய்க்கு மருந்தான அம்மாத்திரைகள் சில சேர்ந்தால் குழந்தைக்கு உயிர்க்கொல்லி நஞ்சாகும். பூசைக்குரிய கற்பூரம் சிறிதளவு உட்கொண்டாலும் வலிப்பை உண்டாக்கும். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, எலி மருந்து ஆகியவற்றைக் குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைப்பது ஆபத்தானது.

### பிற

- அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, கத்தி ஆகியவற்றைப் பயன்படுத்திய உடன் உயரத்தில் வைக்க வேண்டும்.
- தரையை ஒட்டிய மின்துளைகள், நீட்டிப்புப் பலகைகள், சுவரில் செருகியபடியே விடப்பட்ட கைபேசி மின்னேற்றி வடம் ஆகியவற்றைக் குழந்தை வாயில் வைக்கக்கூடும்.
- நிலைப்பேழை, தொலைக்காட்சிப் பெட்டி போன்றவற்றைக் குழந்தை பிடித்து எழும்போது அவை சாயக்கூடும். அவற்றைச் சுவரோடு பிணைத்தல் நலம்.
- தூளி தரைக்கு அருகில் தொங்கினால் தவழும் குழந்தையின் கழுத்து அதில் சிக்க வாய்ப்புண்டு. பயன்படுத்தாத நேரத்தில் அதை மேலே சுருட்டிக் கட்டுவது வழக்கமாக வேண்டும்.

## சிற்றூர்ச் சூழல்

களமருதூர், கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த ஓர் ஊர். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019 நவம்பர் 26 அன்று பிரிந்து உருவான இம்மாவட்டம் பெரிதும் வேளாண்மையைச் சார்ந்தது. நெல், கரும்பு, மக்காச்சோளம் ஆகியவை இங்கு விளைகின்றன. மாவட்டத்தின் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை உள்ளது. அங்கு மலையாளி என்னும் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர்.

இத்தகைய வேளாண் ஊர்களில் வீட்டுக்கும் வயலுக்கும் இடையே உறுதியான எல்லை இல்லை. உரமும் பூச்சிமருந்தும் தெளிப்பானும் வீட்டுத் திண்ணையில் வைக்கப்படுவதுண்டு. முற்றத்தில் கோழியும் ஆடும் உலவும். அவற்றின் எச்சம் குழந்தையின் கை வழியே வாய்க்குச் சென்று வயிற்றுப்போக்கை உண்டாக்கும். விறகு அடுக்கு, கல் குவியல் ஆகியவற்றில் தேளும் பாம்பும் தங்கும். செந்தேள் கொட்டு சிறு குழந்தைகளுக்கு உயிருக்கு ஆபத்தானது. பிரசோசின் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்த பின்னர் உயிரிழப்பு பெரிதும் குறைந்தது. எனினும் அம்மருந்து விரைவில் கிடைத்தாலன்றிப் பயன் குறைவு. மலையூர்கள் சிதறிக் கிடப்பதால் மருத்துவமனையை அடைய நேரம் பிடிக்கிறது. இந்நிலையில் விபத்து நேராமல் தடுப்பதன் மதிப்பு நகரத்தை விட இங்கு மிகுதி.

மண் தின்னும் பழக்கமும் இப்பருவத்தில் தொடங்குகிறது. எதையும் வாயில் வைத்து அறிவது குழந்தையின் இயல்பு. ஆனால் ஓராண்டு கடந்தும் மண்ணையோ சாம்பலையோ தேடித் தின்றால் இரும்புச்சத்துக் குறைவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் முதல் குழந்தைகளுக்கு இரும்புச்சத்து மருந்து வாரம் இருமுறை அளிப்பது அரசின் திட்டமாகும். ஓராண்டு நிறைந்த பின் குடற்புழு நீக்க மருந்தும் தரப்படுகிறது.

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் நடை பழகிய குழந்தைகளுக்குக் கொடிய ஆபத்தாக உள்ளன. உச்ச நீதிமன்றம் 2010 ஆம் ஆண்டில், இத்தகைய கிணறுகளை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல் முதலியவற்றால் நிரப்ப வேண்டும் என நெறிமுறை வகுத்தது. ஆயினும் 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஏறத்தாழ இரண்டு வயதான ஒரு குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து, நான்கு நாள் மீட்பு முயற்சிக்குப் பின் சடலமாக மீட்கப்பட்டது. ஒரு வீட்டின் பெற்றோர் எத்தனை விழிப்பாக இருந்தாலும், மூடப்படாத கிணறு ஊராரின் பொறுப்பும் ஆகும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

## மேற்பார்வையின் எல்லை

"குழந்தையின் மீது எப்போதும் ஒரு கண் வைக்க வேண்டும்" என்பது எல்லோரும் கூறும் அறிவுரை. ஆனால் நீர் இறைத்து, சமைத்து, துணி துவைத்து, வயல் வேலைக்கும் செல்லும் தாயால் இது நாள் முழுவதும் இயலுவதன்று. விபத்து நேர்ந்த பின் தாயின் கவனக்குறைவைக் குறை கூறுவது எளிது. ஆனால் அது அடுத்த விபத்தைத் தடுப்பதில்லை.

வங்காளதேசத்தின் அனுபவம் இதற்குச் சான்று. அங்குச் சிற்றூர்க் குழந்தைகள் குளங்களில் மூழ்குவது பெரும்பாலும் தாய்மார் வீட்டு வேலையில் ஈடுபட்டிருக்கும் முற்பகல் வேளையில் நிகழ்வதாக அறியப்பட்டது. அந்நேரத்துக்கென்றே, காலை 9 முதல் பிற்பகல் 1 மணி வரை, ஊரிலேயே பயிற்சி பெற்ற ஒரு பெண் குழந்தைகளைக் கவனிக்கும் மையங்கள் அமைக்கப்பட்டன. முந்தானை எனப் பொருள்படும் ஆஞ்சல் என்பது அவற்றின் பெயர். மையத்துக்கு வந்த குழந்தைகளிடையே மூழ்கி இறத்தல் பெருமளவு குறைந்தது. 2022 இல் அந்நாட்டு அரசு இத்தகைய 8,000 மையங்களுக்கான திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

இந்தியாவில் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு அங்கன்வாடி வழியே சத்துமாவு கிடைக்கிறது. ஆனால் குழந்தை மையத்தில் அமர்ந்து பயில்வது இரண்டு வயது நிறைந்த பின்னரே. தவழத் தொடங்குவதிலிருந்து இரண்டு வயது வரையிலான, ஆபத்து மிகுந்த காலம் முழுவதும் வீட்டின் பொறுப்பிலேயே விடப்படுகிறது. தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், 2005, பணியிடத்துக்குப் பெண்களுடன் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் வந்தால் அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணை அமர்த்துமாறு விதித்தது. 2022 இல் அறிவிக்கப்பட்ட பால்னா திட்டம், அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகங்களில் ஆறு மாதக் குழந்தை முதல் சேர்க்க வகை செய்கிறது.

## தடுப்பு முறைகள்

வீட்டில் ஒரு பாதுகாப்பான இடத்தை ஒதுக்குவது முதற்படி. வாசலில் முழங்கால் உயரப் பலகையையோ மூங்கில் தட்டியையோ குறுக்கே வைத்து, ஓர் அறையைக் குழந்தைக்கு உரியதாக ஆக்கலாம். குழந்தையின் இடுப்பில் கயிறு கட்டித் தூணோடு பிணைப்பதைக் காட்டிலும் இது மேலானது. பிணைத்த கயிறு கழுத்தில் சுற்றக்கூடும்; குழந்தையின் இயக்கமும் முடங்கும்.

பெற்றோர் தரையில் மண்டியிட்டுத் தவழ்ந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பது எளிய ஆய்வு முறை. நின்று பார்க்கும்போது தெரியாத ஆணி, சிதறிய மாத்திரை, கட்டிலுக்கு அடியிலுள்ள கொசுவர்த்தி ஆகியவை அப்போது கண்ணில் படும். குழந்தை அடுத்த படிநிலையை அடைவதற்கு முன்னரே இதைச் செய்ய வேண்டும். உட்காரும் குழந்தை எந்நேரமும் தவழக்கூடும். தவழும் குழந்தை விரைவில் பிடித்து நிற்கும். பெரும்பாலான விபத்துகள் "நேற்று வரை இதைச் செய்யவில்லை" என்று கூறப்படும் நாளிலேயே நிகழ்கின்றன.

- பயன்படுத்திய உடன் வாளிகளைக் கவிழ்த்து வைத்தல், தொட்டிகளுக்கு மூடியிடல், குளியலறைக் கதவைத் தாழிடல்
- அடுப்பைத் தரையிலிருந்து உயர்த்தல் அல்லது அதைச் சுற்றித் தடுப்பு அமைத்தல்
- மருந்துகளையும் பூச்சிமருந்தையும் பூட்டிய பெட்டியில் வைத்தல்
- ஒரு நேரத்தில் ஒருவரே பொறுப்பு என வீட்டாருக்குள் தெளிவாகச் சொல்லி ஒப்படைத்தல்

கடைசியாகக் கூறியது கூட்டுக் குடும்பங்களில் முக்கியமானது. வீடு நிறைய ஆட்கள் இருக்கும் விழா நாளில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பதாக எண்ணிக்கொள்வதால், குழந்தையை எவரும் பார்க்காத நிலை ஏற்படுகிறது.

## முதலுதவி

- சுடு காயம்: காயத்தின் மீது குளிர்ந்த குழாய் நீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். பற்பசை, மை, மாவு, பனிக்கட்டி ஆகியவற்றை வைத்தல் கூடாது.
- மூச்சடைப்பு: இருமவோ அழவோ இயலாத, ஓராண்டுக்குட்பட்ட குழந்தையை முன்கையின் மீது தலை தாழக் குப்புற வைத்து, தோள்பட்டைகளுக்கு இடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். பின் மல்லாத்தி மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் 5 முறை அழுத்த வேண்டும். பொருள் வெளிவரும் வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். குழந்தை உணர்விழந்தால் உடனே செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவுதல் கூடாது.
- நஞ்சு: வாந்தி எடுக்க வைத்தல் கூடாது. மண்ணெண்ணெய் குடித்த குழந்தை வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் சென்று கேட்டை மிகுவிக்கும். உட்கொண்ட பொருளின் புட்டியையோ அட்டையையோ மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.
- மூழ்குதல்: தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அழுத்துவதும் பயனற்றவை. மூச்சு இல்லையெனில் உடனே வாய்வழிச் செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் தொடங்க வேண்டும்.
- தலையில் அடி: ஒரு முறைக்கு மேல் வாந்தி, வழக்கத்துக்கு மாறான உறக்கம், வலிப்பு, காது மூக்கில் குருதி அல்லது நீர் வடிதல், உச்சிக்குழி புடைத்தல் ஆகியவை உடனடி மருத்துவம் தேவை என்பதற்கான அறிகுறிகள்.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 என்னும் எண்ணில் அவசர ஊர்தியை அழைக்கலாம்.

## மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

அகன்ற கால எல்லைகள் இருப்பினும், பின்வருவன மருத்துவரிடம் காட்டத்தக்கவை:

- ஒன்பது மாதம் நிறைந்தும் துணையின்றி உட்காராமை
- பதினெட்டு மாதம் நிறைந்தும் நடக்காமை
- உடலின் ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்தி நகர்தல். ஓராண்டுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தல்
- கைகால் விறைப்பு அல்லது மிகுந்த தளர்ச்சி
- முன்பு செய்த ஒன்றைச் செய்யாது விடுதல்

முதலில் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ தெரிவிக்கலாம். வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளை 2013 இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் வழியே மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்புவர். கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்து வைக்கப்பட்டது.

## பெற்றோரின் மனநிலை

குழந்தை நகரத் தொடங்கும்போது தோன்றும் கவலை பயனுள்ள உணர்வு. அதுவே வாளியைக் கவிழ்க்கவும் மருந்தைப் பூட்டவும் தூண்டுகிறது. செய்ய வேண்டியதைச் செய்த பின் தணிந்துவிடும் கவலை இயல்பானது. அவ்வாறு தணியாமல், குழந்தை உறங்கும்போதும் தாயால் உறங்க முடியாமை, விபத்துக் காட்சிகள் மீண்டும் மீண்டும் மனத்தில் தோன்றுதல், குழந்தையைத் தரையில் விடவே அஞ்சுதல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால், அது மகப்பேற்றுக்குப் பிந்தைய பதற்றக் கோளாறாக இருக்கலாம். அது தாயின் குறைபாடன்று, மருத்துவத்தால் குணப்படுத்தக்கூடியது. 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவி 14416 என்னும் எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது.

அச்சத்தினால் குழந்தையை எந்நேரமும் இடுப்பிலோ தூளியிலோ வைத்திருப்பது அதற்குத் தேவையான பயிற்சியைக் குறைக்கும். தரையில் விடப்படும் குழந்தையே விளிம்பையும் சரிவையும் தன் திறனின் அளவையும் அறிகிறது. அக்கல்விக்கு ஏற்ற தரையை அமைத்துத் தருவது வீட்டாரின் கடமை. கிணற்றை மூடுவதும் காப்பகம் நடத்துவதும் ஊரின், அரசின் கடமைகள்.

## இவற்றையும் பார்க்கவும்

- குழந்தை வளர்ச்சி
- பிள்ளைத்தமிழ்
- நடைவண்டி
- அங்கன்வாடி
- முதலுதவி
- கள்ளக்குறிச்சி மாவட்டம்
- கல்வராயன் மலை